மழையில் மஸ்டாங் ஜிடி: ஓவர்டேக் செய்யும்போது பின்பக்கம் வழுக்கியது, என்ன செய்வது?

சனிக்கிழமை_ஈசிஆர்:
வணக்கம். மூன்று மாதம் முன்பு 2018 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 5 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக். ஓடியது 14,000 கிலோமீட்டர்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசைப்பட்ட வண்டி. இதற்கு முன் பத்து வருடமாக ஓட்டியது முன்சக்கரம் இழுக்கும் சின்ன ஹேட்ச்பேக்.

சனிக்கிழமைதோறும் அம்மாவைப் பார்க்கத் திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகப் புதுச்சேரி போவேன். போன வாரம் கல்பாக்கம் தாண்டியதும் தூறல். 70-ல் போய்க்கொண்டிருந்தேன், முன்னால் ஒரு பஸ். எதிரே வண்டி இல்லை என்று பார்த்துவிட்டு வலப்பக்கம் ஒடித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரை மிதித்தேன். பாதிதான் மிதித்திருப்பேன். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் இன்ஜின் உறுமியது, பின்பக்கம் இடதுபுறம் விலகியது, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கியது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினேன் என்றே நினைவில்லை, வண்டி நேராகிவிட்டது. பக்கத்தில் மனைவி. புதுச்சேரி வரும்வரை இருவரும் பேசவில்லை.

டயரில் பட்டன் (மேலே இருக்கும் வரிப்பள்ளம்) நன்றாகவே இருக்கிறது. மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்கிறான் நண்பன். சரியா? இல்லை, பொங்கல் வரை வண்டியை மூடி வைத்துவிடலாமா?

பழைய_டிராக்_ஆள்:
தம்பி, மூடி வைக்க வேண்டாம். ஆனால் அந்த "ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

70-ல் கியர்பாக்ஸ் மேல் கியரில் சோம்பலாக இருக்கும். நீங்கள் பாதி மிதித்ததும் அது இரண்டு மூன்று கியர் கீழே இறங்கும். இறங்கி முடிக்கத்தான் அந்த நொடி. முடிந்ததும் மொத்த இழுவையும் ஒரே அடியாகப் பின்சக்கரங்களுக்குப் போய்ச் சேரும். 515 நியூட்டன் மீட்டர் இன்ஜின் அது. உங்கள் பழைய ஹேட்ச்பேக்கில் இதே காரியம் செய்தால் முன்சக்கரம் கொஞ்சம் சுழன்று அடங்கும். இதில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழலாமல் தடுக்கும் அமைப்பு) இருப்பதால் பின்சக்கரம் இரண்டுமே சேர்ந்து சுழலும். இரண்டும் சுழன்றால் வண்டியின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அதிலும் நீங்கள் ஒடித்துக்கொண்டே மிதித்திருக்கிறீர்கள்.

அதனால் மழையில் ஓவர்டேக் செய்வதற்கு முன்பே ஸ்டியரிங்கின் பின்னால் இருக்கும் பேடிலில் ஒரு கியர் இறக்கிக்கொள்ளுங்கள். வெளியே வந்து, ஸ்டியரிங் நேரான பிறகு மெல்ல அமுக்குங்கள். ஸ்னோ/வெட் மோடு உங்கள் வண்டியில் இருக்கிறது, தூறலிலேயே போட்டுவிடுங்கள். ஆக்சிலரேட்டரின் துடிப்பைக் குறைத்துவிடும்.

வழுக்கினால் பயத்தில் காலைப் படக்கென்று எடுப்பதும் ஆபத்து. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு ஈரமான நாளில், வளைவு நடுவே, நான் அதைத்தான் செய்தேன். எடை முன்பக்கம் சாய்ந்தது, பின்பக்கம் லேசானது, வண்டி வந்த திசையைப் பார்த்துத் திரும்பி நின்றது. அங்கே புல்தரை இருந்தது, பிழைத்தேன். ஈசிஆரில் அந்த இடத்தில் சவுக்கு மரமோ டீக்கடையோ இருக்கும். கால் மெதுவாக மேலே வரட்டும், கண் போக வேண்டிய இடத்தைப் பார்க்கட்டும், கை அதன் பின்னால் போகும்.

இப்போது டயர். பட்டன் இருப்பது மட்டும் போதாது. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 1518 என்றால் 2018-ன் 15-வது வாரம் செய்தது. ஓடாமல் நின்ற வண்டியில் பட்டன் தேயாது, ஆனால் ரப்பர் இறுகிப்போகும். ஈரத்தில் பிடிப்பது ரப்பரின் மிருதுதான். சட்டம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் போதும் என்கிறது. நான் 3 வந்ததும் மாற்றிவிடுவேன்.

காற்றைக் குறைக்கவே குறைக்காதீர்கள். 275 மில்லிமீட்டர் அகல டயர், சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர், வேகம் 80 என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டயர் ஒரு நொடியில் சுமார் 18 லிட்டர் தண்ணீரை விலக்க வேண்டும், ஒரு குடத்துக்கு மேல். காற்று குறைந்தால் அந்த டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும். கதவு நிலையில் ஒட்டியிருக்கும் அளவு எதுவோ அதுதான், டயர் குளிர்ந்திருக்கும்போது. ஒருவேளை மிதந்து ஸ்டியரிங் கையில் லேசானால், பிரேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். காலை மெதுவாக எடுத்து நேராகப் பிடியுங்கள். குரூஸ் கன்ட்ரோலை மழையில் தொடாதீர்கள்.

கோவளம்_டாக்ஸி:
நான் ஓட்டுவது இன்னோவா, ஆனால் ரோடு ஒன்றுதானே அண்ணா. கொட்டுகிற மழையைவிட நாலு நாள் காய்ந்த ரோட்டில் விழும் முதல் தூறல்தான் மோசம். எண்ணெயும் புழுதியும் ஊறி மேலே வரும். நன்றாக அடித்துக் கழுவிவிட்டால் பரவாயில்லை. நீங்கள் மாட்டியதும் தூறலில்தான்.

வெள்ளைக் கோட்டின் மேலும் பாலத்து இரும்பு இணைப்பின் மேலும் முடுக்காதீர்கள், பிரேக்கும் போடாதீர்கள். பஸ்ஸுக்குப் பின்னால் போகும்போது இடைவெளி விட்டு, அதன் டயர் தண்ணீரை விலக்கிய தடத்திலேயே போங்கள். மரக்காணம் உப்பளம் பக்கம் பக்கக்காற்றும் சேர்ந்து அடிக்கும். இன்னொன்று, ஓடும் வண்டியில் நாலு இண்டிகேட்டரும் போட வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிற எங்களுக்குத் தெரியாது.

அடையாறு_ஸ்பேனர்:
டயர், கியர் எல்லாம் சொல்லிவிட்டார்கள். தேங்கிய தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வண்டி தாழ்வு, காற்றை உறிஞ்சும் வாயும் தாழ்வு. சப்வேயில் முன்னால் போகிற ஆட்டோ தாண்டிவிட்டது என்று நம்பி இறங்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் அது நசுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, தள்ளிக்கொண்டு வாருங்கள். 2024 அக்டோபரில் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்களே, அவர்கள் செய்தது சரி. இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு தனியாகச் சேர்த்திருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

சனிக்கிழமை_ஈசிஆர்:
எல்லோருக்கும் நன்றி. மொபைல் லைட் அடித்துப் பார்த்தேன். நாலு டயரிலும் 0918. கம்பெனியிலிருந்து வந்த அதே டயர்கள். விரல் நகத்தால் அழுத்தினால் பதியவே இல்லை. நாலையும் மாற்ற ஆர்டர் கொடுத்துவிட்டேன், செவ்வாய்க்கிழமை வரும். இந்த வாரம் பஸ்ஸில் போகிறேன். இன்ஜின் பாதுகாப்பு இல்லை, அதையும் கேட்டிருக்கிறேன்.

பழைய_டிராக்_ஆள்:
நல்லது தம்பி. புது டயர் போட்டதும் முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். அச்சிலிருந்து வந்த வழவழப்பு மேலே இருக்கும், அது தேய வேண்டும். முடிந்தால் காய்ந்த ரோட்டில் தேயுங்கள். வீல் அலைன்மென்ட்டையும் அன்றைக்கே பார்த்துவிடச் சொல்லுங்கள்.