ரன்ஃபிளாட் டயருக்குத் தமிழ்ச்சொல்: 'காற்றிழப்பு தாங்கி' பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காற்று இறங்கிய பின்னும் சிறிது தொலைவு ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயருக்கு, நம் கலைச்சொல் பட்டியலுக்காக இதுவரை வந்துள்ள நான்கு பரிந்துரைகளை, அந்த டயர் சாலையில் உண்மையில் என்ன செய்கிறது என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

'தட்டையோட்டி' ஆங்கிலச் சொல்லின் நிழல். தமிழில் டயர் தட்டையாவதில்லை. காற்று இறங்குகிறது, அல்லது பஞ்சராகிறது. இதற்குமேல் அச்சொல்லைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

'பஞ்சராகா டயர்' என்பது கேட்க இனிமையானது, ஆனால் பொய்யானது. ஆணி ஏறினால் இதிலும் காற்று இறங்கத்தான் செய்யும். சாதாரண டயரில் காற்று போனதும் பக்கச்சுவர் மடிந்து, ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கிச் சிறிது தொலைவிலேயே கிழிந்துவிடுகிறது. ரன்ஃபிளாட் டயரிலோ, தடித்த ரப்பரால் வலுவூட்டப்பட்ட பக்கச்சுவரே வண்டியின் எடையைச் சுமக்கிறது. ஆனால் அந்தச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வதால் சூடேறிக்கொண்டே போகிறது என்பதால், மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் 80 கி.மீ. தொலைவு வரை மட்டும் ஓட்டலாம் என்பதே தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. காற்று போனதை ஓட்டுநர் உணராமலே இந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும் என்பதால்தான் காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவியும் உடன் இருக்க வேண்டியிருக்கிறது. பெயரை நம்பி ஒருவர் நெடுஞ்சாலையில் 120-ல் பறந்தால், பெயர் வைத்த நமக்கும் அதில் பங்குண்டு.

'வன்சுவர் டயர்' என்பதை முதலில் நானும் ஆதரித்தேன். இன்று விற்பனையில் உள்ள பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் மிஷலின் டயர் நிறுவனத்தின் பாக்ஸ் (PAX) என்ற ரன்ஃபிளாட் அமைப்பில் சுமையைத் தாங்கியது சுவரன்று. ரிம்மைச் சுற்றிப் பொருத்தப்பட்ட ஒரு வளையம். 2005-ஆம் ஆண்டின் ஹோண்டா ஒடிஸி வேனின் உயர்வகையில் அது வந்தது. பொறியியல் நோக்கில் நேர்த்தியான அமைப்புதான்; ஆனால் அதைக் கழற்றி மாட்டத் தனி ரிம்மும் தனிக் கருவியும் வேண்டியிருந்தன, அவை சில பணிமனைகளிலேயே கிடைத்தன. மாற்றுவதற்கு ஆன செலவையும் அலைச்சலையும் பொறுக்காத அமெரிக்க உரிமையாளர்கள் வழக்கே தொடுத்தார்கள். சுவரை வைத்துப் பெயரிட்டால் இந்த வகை வெளியே நின்றுவிடும்.

'ஸ்டெப்னியில்லா டயர்' என்ற நான்காம் பரிந்துரையும் எல்லை தவறுகிறது. 1997-இன் கார்வெட் காரில் ரன்ஃபிளாட் டயர்களை நம்பி ஸ்டெப்னியை நீக்கினார்கள், உண்மைதான். ஆயினும் இந்தியாவில் 2020-இல் திருத்தப்பட்ட விதி, டியூப் இல்லாத சாதாரண டயரும் அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தாலே ஸ்டெப்னி தேவையில்லை என்கிறது. (வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஒரு தெருப்பெயர் ஸ்டெப்னியாக நம் டிக்கிக்குள் நூறாண்டுக் காலமாகக் குடியிருக்கிறது. அதை யாரும் பெயர்க்க முனைய வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.)

பயணிகள் காரில் இதன் பயன் எவ்வளவு என்பதும் சொல்லைத் தீர்மானிக்க வேண்டும். மழை பெய்யும் இரவில் ஜாக்கியோடு சாலையோரம் நிற்க வேண்டாம் என்பது பெரிய நன்மை. அதற்கு ஈடாகக் கூடுதல் விலையையும் குழிகளில் விறைப்பாகக் குலுக்கும் பயணத்தையும் ஏற்க வேண்டும். காற்றின்றி ஓடிய டயரின் உட்சேதம் வெளியே தெரியாது என்பதால் அதை ஒட்டிப் பயன்படுத்துவதைப் பல தயாரிப்பாளர்கள் ஏற்பதில்லை. விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் இடைப்பட்ட தொலைவு 80 கி.மீ.யைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. வழியில் பஞ்சர் கடைகள் நிறைய உண்டு. ஆனால் நம் காருக்குப் பொருந்தும் அளவிலான ரன்ஃபிளாட் டயரை இருப்பில் வைத்திருக்கும் கடையைக் காண்பது அரிது. ஆக இது நெருக்கடியைத் தீர்ப்பதில்லை, சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கிறது.

எனவே 'காற்றிழப்பு தாங்கி டயர்' என முன்மொழிகிறேன். இடிதாங்கி, சுமைதாங்கி போன்ற அமைப்பாதலால் இடையில் ஒற்று மிகாது. பொறியியல் தமிழில் 'தாங்கி' பேரிங்கைக் குறிக்கிறதே என்ற மறுப்பு வரும். 'டயர்' என்ற சொல்லை விடாமல் சேர்த்தே எழுதினால் அந்தக் குழப்பம் நேராது. பாக்ஸ் வகையின் உள்வளையத்துக்குத் 'தாங்கு வளையம்' எனலாம். துளையைத் தானே அடைத்துக்கொள்ளும் டயர் வேறொன்று என்பதால் அதற்குத் 'தானடைப்பு டயர்' என்று தனிப்பதிவு வேண்டும்.

விளக்கப் பகுதியில் வேக, தொலைவு வரம்பு இரண்டும் இடம்பெறுமானால், 'காற்றிழப்பு' என்பதைவிட 'காற்றிறங்கல்' பேச்சுக்கு நெருக்கம் என்று கருதுவோரின் திருத்தத்தையும் ஏற்கிறேன்.