கஜா நோட்டும் வெள்ளைச் சீட்டும்

நான் நின்றது பெரிய பதவிக்கு இல்லை. திருவாரூர் மாவட்டத்துக் கடைமடையில் ஒரு சின்ன ஊராட்சி, அதில் வார்டு உறுப்பினர். 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். டெபாசிட் 200 ரூபாயைத் தெருப் பிள்ளைகளே சேர்த்துக் கொண்டுவந்து, "அக்கா, நீங்க நில்லுங்க" என்றார்கள்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது, விழுந்த தென்னைகளை அறுத்து வழி உண்டாக்கியது அவர்கள்தான். அப்புறம் நிவாரணம் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டுமே என்று வீடு வீடாகப் போய் ஒரு நீள நோட்டில் எழுதினோம். யார் வீட்டுக் கூரை போனது, எங்கே கைக்குழந்தை இருக்கிறது, யாருக்குச் சுகர் மாத்திரை வேண்டும், யார் பிள்ளை திருப்பூரில் வேலை பார்க்கிறான், எல்லாம் அதில் இருக்கும். ஒரு வருஷம் கழித்து அதே நோட்டை எடுத்துக்கொண்டுதான் ஓட்டுக் கேட்கப் போனோம்.

மைக் கிடையாது, வண்டி கிடையாது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைப் பகலில் பார்க்க முடியாது. மார்கழி ஆயிற்றே, விடியுமுன் கோலம் போட வாசலுக்கு வருவார்கள், அந்த நேரத்துக்குப் போய்விடுவோம். எடுத்தவுடன் ஓட்டுக் கேட்க மாட்டோம். சுடுகாட்டுப் பாதையைப் பற்றிப் பேசுவோம். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் பாடை வயல் வரப்பில்தான் போகும். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் சேறு. தூக்குகிறவர்கள் சறுக்கி, பாடை ஒரு பக்கம் சாய்ந்ததைப் பார்க்காத வீடு கிடையாது.

ஓட்டுச் சீட்டுதான் பெரும்பாடு. ஒருவருக்கு நான்கு ஓட்டு: வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். முதல் இரண்டிலும் கட்சிச் சின்னம் இருக்காது. எனக்குச் சீப்பு. வெள்ளைச் சீட்டில் இலையையும் சூரியனையும் தேடிவிட்டு, ஒன்றும் புரியாமல் மடித்துப் போட்டுவிடுவார்களே என்று பயம். பிள்ளைகள் கலர் தாள் வாங்கி வெட்டி, வயசானவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து, முத்திரை குத்தவும் மை ஒட்டாமல் மடிக்கவும் பழக்கினார்கள். எதிர்த்து நின்றவருக்குப் போடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தோம். ஒரு ஓட்டுகூட வீணாகக் கூடாது என்பதில் பிள்ளைகள் உறுதியாக இருந்தார்கள்.

25ஆம் தேதியோடு பிரச்சாரம் முடிந்தது. மறுநாள் காலை சூரிய கிரகணம், தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. கிரகணம் விட்டதும் வீடு வீடாகப் பணக் கவர் போகிறது என்று சேதி வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கோடி வீட்டுப் பாட்டியே கூப்பிட்டு, "வாங்கிட்டேன் ஆயி. ஆனா எங்க வீட்டுக்காரரைச் சேத்துல போட்டு இழுத்துக்கிட்டுப் போனத நான் மறக்கல" என்றது.

ஜனவரி 2 எண்ணிக்கை. நான்கு நிறமும் ஒரே பெட்டியில் கிடந்ததால் பிரித்துக் கட்டுவதற்கே பொழுது போய்விட்டது. எங்கள் வார்டு வரும்போது நடுராத்திரி. 14 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். திருப்பூரிலிருந்து சொந்தக் காசில் பஸ் ஏறி வந்த பிள்ளைகள் மட்டுமே ஒன்பது பேர்.

வார்டு உறுப்பினர் கையில் செக் புத்தகம் இருக்காது. கேட்டுக்கொண்டே இருப்பதுதான் வேலை. ஜனவரி 26 கிராம சபையில் தெருவே திரண்டு போய்ப் பாதைக்குத் தீர்மானம் எழுதவைத்தோம். மண் அடித்து முடிக்க இரண்டு கோடை ஆனது. அந்தக் கார்த்திகையில் அதில் முதலில் போனது கோடி வீட்டுப் பாட்டி. நல்ல மழை. தூக்கிப் போனவர்கள் கணுக்காலில்கூடச் சேறு இல்லை.