பள்ளி விட்டு வந்து மூன்று மணி நேரம் தனியாக இருக்கும் பையனுக்கு என்ன சமைக்கக் கற்றுக்கொடுக்கலாம்?

கோவை அம்மா எழுதியது:

என் பையன் ஒன்பதாம் வகுப்பு, வயது 14. நாலே முக்காலுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான், நானும் அவன் அப்பாவும் வந்து சேர எட்டு மணி ஆகிவிடும். இதுவரை மாமியார் கூட இருந்தார், பையன் செருப்பைக் கழற்றும்போதே தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவார். இப்போது நாத்தனாருக்குப் பிரசவம், அவர் அங்கே போயிருக்கிறார், திரும்பி வர நாலைந்து மாதம் ஆகும்.

முதல் வாரம் காலையிலேயே சப்பாத்தி போட்டு ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டுப் போனேன். சாயந்திரம் திறந்தால் வியர்த்து நனைந்து கிடக்கிறது, தொடவே மாட்டேன் என்கிறான். இரண்டாவது வாரம் தினமும் நூடுல்ஸ். நேற்று நான் வரும்போது ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான். பார்த்ததும் வயிற்றைப் பிசைந்துவிட்டது. வளரும் பிள்ளை, பசியோடு தூங்குகிறான்.

சமைக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று இருக்கிறேன், அவனுக்கும் ஆசைதான். ஆனால் கேஸ் அடுப்பை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. எதில் ஆரம்பிக்க வேண்டும், நான் காலையில் என்ன எடுத்து வைத்துவிட்டுப் போகலாம், எதையெல்லாம் இப்போது தொடக்கூடாது என்று சொல்ல வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி அக்கா எழுதியது:

எனக்கு மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் பதின்மூன்று பதினாலு வயதில் அடுப்படிக்கு வந்தவர்கள்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். பத்துப் பதினைந்து பலகாரத்தின் பெயரை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டாதீர்கள். முதலில் தாளிக்கக் கற்றுக்கொடுங்கள். நம் வீட்டுச் சமையலில் பாதி அதில் இருக்கிறது. தாளிக்கத் தெரிந்த பிள்ளை ஆறின சோற்றை வைத்துக்கொண்டு தயிர் சாதம், எலுமிச்சை சாதம் இரண்டையும் செய்துவிடும், அவலையும் அதே கையோடு உப்புமாவாக்கிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நிற்க வைத்துச் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் கரண்டியைத் தொடாதீர்கள். சின்ன வாணலி, ஒரு ஸ்பூன் எண்ணெய், தீ பாதி அளவு. எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க இரண்டே இரண்டு கடுகைப் போட்டுப் பார்க்கட்டும், அது பொரிந்தால் மீதியைப் போடலாம். கடுகு வெடித்து அடங்கும் நேரத்தில் உளுத்தம்பருப்பு. அது பொன்னிறமாகும்போது அங்கே இங்கே பார்க்கக்கூடாது, கண்மூடித் திறப்பதற்குள் கருகிவிடும். அப்புறம் கீறின பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம், அடுப்பை அணைத்துவிடலாம். கறிவேப்பிலையைக் கழுவின ஈரத்தோடு போட்டால் எண்ணெய் முகத்துக்குத் தெறிக்கும், அதனால் காலையிலேயே உருவித் துடைத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். என் சின்னவள் முதல் தடவை ஈரத்தோடு போட்டுவிட்டு ஒரு மாதம் அடுப்படிப் பக்கமே வரவில்லை.

எலுமிச்சை சாதத்துக்கு அதே தாளிப்பில் வேர்க்கடலையும் மஞ்சள் தூளும் கூடுதல். சாற்றை மட்டும் அடுப்பை அணைத்த பிறகுதான் விட வேண்டும், கொதித்தால் கசந்துபோகும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காலையில் ஆறு மணிக்கு வடித்த சோற்றைச் சாயந்திரம் வரை மேடையில் வைக்காதீர்கள். சோற்றில் இருக்கும் ஒரு வகைக் கிருமி வேகும்போதும் முழுசாகச் சாவதில்லை, வெளியே கிடந்தால் பெருகி நஞ்சை விடும், அப்புறம் எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. சூடு தணிந்ததும் பரத்தி ஆறவிட்டு, நீங்கள் கிளம்புவதற்குள் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். அவன் வந்ததும் வாணலியில் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடி வைத்துச் சின்னத் தீயில் ஐந்து நிமிடம், ஆவி பறக்க எடுத்தால் புதுச் சோறு மாதிரி இருக்கும்.

பிளஸ் ஒன் மாணவி எழுதியது:

நான் இரண்டு வருடமாகச் சாயந்திரம் எனக்கும் தம்பிக்கும் நானே செய்கிறேன் ஆன்ட்டி. ஸ்கூல் விட்டு வரும்போது இருக்கும் பசிக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும் எதையும் செய்யத் தோன்றாது, அதனால்தான் உங்கள் பையன் பிஸ்கட் தின்கிறான். வந்தவுடன் வாயில் போட ஏதாவது கண்ணில் படும்படி இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு டப்பாவில் பொரியும் பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் கலந்து இருக்கும், கூட இரண்டு வாழைப்பழம். அதைத் தின்றுகொண்டேதான் நான் அடுப்பைப் பற்ற வைப்பேன், அப்போது நிதானம் இருக்கும்.

எனக்கு மிகவும் கைகொடுப்பது முட்டைத் தோசை. மாவு ஃபிரிட்ஜில் எப்போதும் இருக்கும். கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன், சுர்ர்ரென்று முத்து முத்தாக ஓடினால் சரி. பிறகு தீயைக் குறைத்துவிட்டு மாவை ஊற்றிப் பரப்ப வேண்டும், குறைக்காமல் ஊற்றினால் மாவு கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். மேலே ஒரு முட்டை, அதன்மேல் மிளகுத்தூளும் உப்பும் தூவி, ஓரத்தில் எண்ணெய் விட்டு, வெந்ததும் திருப்பிப் போடுவேன். முட்டையை நேராகக் கல்லில் உடைக்க வேண்டாம், முதலில் ஒரு டம்ளரில் உடைத்துப் பார்க்கட்டும். கெட்ட முட்டையாக இருந்தால் தெரிந்துவிடும், ஓடு விழுந்தாலும் எடுத்துவிடலாம். இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் குழைத்துத் தொட்டுக்கொண்டால் சட்னி தேவையே இல்லை.

அடுப்பே பற்ற வைக்க வேண்டாம் என்றால் அவல் இருக்கிறது. மெல்லிசு அவலைக் கழுவிப் பிழிந்து, துருவின தேங்காயும் வெல்லமும் போட்டுப் பிசைந்தால் முடிந்தது. தேங்காயை நீங்கள் காலையில் துருவி வைத்துவிட வேண்டும், துருவுவது எங்களுக்குப் பெரிய வேலை.

அப்புறம் ஒன்று, அவன் சமைக்கும்போது போன் பண்ணிக்கொண்டே இருக்காதீர்கள். அம்மா போனை எடுக்க ஓடித்தான் எனக்கு ஒரு தடவை பால் பொங்கி அடுப்பே அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. சமைத்து முடித்ததும் அவனே கூப்பிடட்டும்.

மெஸ் நடத்துகிறவன் எழுதியது:

அந்தத் தங்கச்சி கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். இருபது வருடமாக அடுப்படியில் நிற்கிறேன். பையன் எதைச் செய்தாலும் இதைத் தெரிந்துகொண்ட பிறகு செய்யட்டும்.

கேஸ் நாற்றம் வந்தால் அடுப்பின் திருகையும் சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூட வேண்டும். ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, சுவிட்சுக்குள் வரும் சின்னப் பொறி போதும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கி நிற்கும், அதனால் நாற்றம் குறைந்த மாதிரி இருக்கிறதே என்று உடனே உள்ளே போகக்கூடாது. வெளியே வந்த பிறகு 1906, அது கேஸ் கசிவுக்கான அவசர எண், இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம். ரெகுலேட்டரை மூடித் திறக்க அவன் கையாலேயே பழக்குங்கள். பெரியவர்கள் பலருக்கே பதற்றத்தில் எந்தப் பக்கம் திருப்புவது என்று மறந்துபோகிறது.

வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஊற்றினால் தீ மேலே எழும்பிப் பரவும். அடுப்பை அணைத்து, தட்டையோ மூடியையோ பக்கவாட்டில் நகர்த்தி வாணலிமேல் மூடிவிட்டு, அது ஆறும் வரை திறக்கக்கூடாது. இதற்காகவே அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மூடி இருக்கட்டும். கையில் சுட்டால் குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பேஸ்ட், மாவு, மை எதையும் தடவ வேண்டாம். எங்கள் மெஸ்ஸில் புதிதாக வந்த ஒரு பையன் சுட்ட கையில் பேஸ்டை அப்பிக்கொண்டு வந்தான். டாக்டர் அதைக் கழுவி எடுக்கும்போது அவன் துடித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

எண்ணெயில் பொரிப்பது இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். குக்கரும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், விசில் அடங்குவதற்குள் மூடியை இழுக்கும் பொறுமையின்மை அந்த வயதுக்கு உண்டு. யூனிஃபார்மை மாற்றிவிட்டுப் பருத்தி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு அடுப்பிடம் போகட்டும், நைலான் கலந்த துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

சேலம் அப்பா எழுதியது:

எங்கள் வீட்டில் இதே பயத்தால் இண்டக்ஷன் அடுப்பு வாங்கிக் கொடுத்தோம். தீ இல்லை, பாத்திரத்தை எடுத்தால் தானே நின்றுவிடும். ஆனால் அடி தட்டையான இரும்பு, இல்லை காந்தம் ஒட்டும் எவர்சில்வர் பாத்திரம்தான் வேலை செய்யும், பழைய அலுமினிய வாணலி ஆகாது. பாத்திரம் வைத்திருந்த இடம் அணைத்த பிறகும் சுடும், அதைச் சொல்லிவையுங்கள். முட்டை அவிக்க இது மிக வசதி, தண்ணீர் கொதித்ததிலிருந்து பத்து நிமிடம் டைமர் வைத்தால் தானாக அணைந்துவிடும். மெஸ் அண்ணனிடம் ஒன்று மட்டும் மாறுபடுகிறேன். குக்கரை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம், இரண்டு மூன்று மாதம் பழகிய பிறகு, வெயிட் தானாகத் தளர்ந்து ஆவி துளியும் வராதபோதுதான் திறக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தால் என் மகள் பதினைந்து வயதில் நன்றாகவே செய்கிறாள்.

கோவை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. படித்துக்கொண்டே இருந்தேன், பயம் பாதி இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாக ரெகுலேட்டரை அவனையே மூடித் திறக்க வைத்தேன், நாலைந்து தடவை செய்து பார்த்துக்கொண்டான். 1906 என்ற எண்ணை வாசல் கதவுக்கு வெளியே மீட்டர் பெட்டிமேல் எழுதி ஒட்டியிருக்கிறோம், அது அவன் யோசனை.

திங்கள்கிழமை ஆறு மணிக்குப் போன் வந்தது. தயிர் சாதம் தாளித்துச் சாப்பிட்டுவிட்டேன், மாதுளையும் போட்டேன் என்றான். ஆபீஸில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. செவ்வாய் எலுமிச்சை சாதம். ஒரு சந்தேகம், அவனுக்குக் கடுகு வெடிக்கிறது, ஆனால் உளுத்தம்பருப்பு தினமும் கருகிவிடுகிறதாம். தீயைக் குறைத்தும் பார்த்துவிட்டான். என்ன செய்யலாம்?

திருச்சி அக்கா எழுதியது:

மாதுளையா, நல்ல கை அவனுக்கு. வாணலி மெல்லிசாக இருக்கும் என்று நினைக்கிறேன், அதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் அரை நிமிடத்தில் காய்ந்து புகைந்துவிடும். அடி கனமான சின்ன இரும்புக் கரண்டியை எடுத்துக் கொடுங்கள். கடுகு வெடிக்க ஆரம்பித்த உடனேயே அடுப்பை அணைத்துவிட்டு அப்புறம் பருப்பைப் போடச் சொல்லுங்கள், கரண்டியில் இருக்கும் சூட்டிலேயே அது சிவந்துவிடும். இன்னும் கருகினால் பருப்பையும் மிளகாயையும் ஒரே நேரத்தில் போடட்டும், மிளகாயின் ஈரம் எண்ணெயின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். போட்டதும் ஓர் அடி தள்ளி நிற்க வேண்டும்.