வகுப்பிலேயே கடைக்குட்டி: எல்.கே.ஜி. வயதும் ஏ.டி.எச்.டி. சந்தேகமும்

குழந்தை உளவியலாளர்:

"பையன் ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான், டாக்டரைப் பாருங்க" என்று எல்.கே.ஜி. மிஸ் டைரியில் எழுதி அனுப்பினால், ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் அடங்காத துறுதுறுப்புமான குறைபாடு) என்று பயப்படும் முன் எடுத்துப் பார்க்க வேண்டியது பிறப்புச் சான்றிதழ். தமிழ்நாட்டில் கட்டாயக் கல்விச் சட்ட ஒதுக்கீட்டில் சேர ஜூலை 31 அன்று மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். ஜூலை 28இல் பிறந்தவனும் அதற்கு முந்தைய ஆகஸ்ட் 3இல் பிறந்தவளும் ஒரே வகுப்பு. இடைவெளி கிட்டத்தட்ட ஒரு வருடம், அதாவது அந்தப் பையன் பிறந்ததிலிருந்து வாழ்ந்த காலத்தில் மூன்றில் ஒரு பங்கு.

அமெரிக்காவில் செப்டம்பர் 1ஐ வரம்பாக வைத்திருக்கும் மாநிலங்களில் இதைக் கணக்கெடுத்து 2018இல் வெளியிட்டார்கள். ஆகஸ்டில் பிறந்து வகுப்பில் கடைக்குட்டியாக இருந்தவர்களில் 10,000க்குச் சுமார் 85 பேருக்கு ஏ.டி.எச்.டி. என்று எழுதப்பட்டிருந்தது. செப்டம்பரில் பிறந்து வகுப்பில் மூத்தவர்களாக இருந்தவர்களில் 64. அந்த வரம்பு இல்லாத மாநிலங்களில் இந்த இரண்டு மாதத்துப் பிள்ளைகளுக்குள் வேறுபாடு தெரியவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வரம்பு டிசம்பர் 31; அங்கே மாட்டிக்கொள்வது டிசம்பர் பிள்ளைகள். டென்மார்க்கில் இந்த வேறுபாடு மிகக் குறைவு. பக்குவம் போதாத பிள்ளையை ஒரு வருடம் கழித்துச் சேர்ப்பது அங்கே சகஜம்.

மழலையர் வகுப்பு ஆசிரியை:

மேலே சொன்னதோடு படிவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏ.டி.எச்.டி. இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் அதிகம் கொடுத்தனுப்புவது வாண்டர்பில்ட் படிவம். ஆசிரியருக்கு 43 கேள்விகள், பெற்றோருக்கு 55. அறிகுறிக் கேள்விகளுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். 2, 3 போட்டவை மட்டுமே அறிகுறியாக எண்ணப்படும். பிள்ளையின் வயதுக்கு எது பொருத்தமோ அதை வைத்து மதிப்பிடவும் என்று படிவத்தின் தலையிலேயே இருக்கிறது. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவசரத்தில் நிரப்பும்போது கை போவது பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடத்தான். அந்தப் படிவம் 6 முதல் 12 வயதுக்காரர்களுக்கானது என்பதும் பலருக்குத் தெரியாது. நான்கு வயதுப் பிள்ளைக்கு அதை நீட்டினால் எண் கூடித்தான் வரும்.

எண்ணை விட உதவுவது ஒரு வாரக் குறிப்பு. எந்தப் பாடவேளை, என்ன வேலை கொடுத்தபோது, எத்தனை நிமிடத்தில் எழுந்தான், கதை சொல்லும்போதும் எழுந்தானா, மதியச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா. கதைக்கு இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டு நான்கு கோடு நோட்டைக் கண்டதும் ஓடுகிறவனுக்குச் சிக்கல் கவனத்திலா கையிலா என்று பார்க்க வேண்டும்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (கை வேலை, அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்):

பல நேரம் கையில்தான். வட்டத்தைப் பார்த்து வரைவது சுமார் மூன்று வயதில் வரும், கூட்டல் குறி நான்கில், சதுரம் நான்கு நான்கரையில், முக்கோணம் ஐந்தில். சாய்கோடு கடைசியில் வருவதால் 'A', 'K', 'X' மூன்றரை வயதுக்குப் பெரும் பாடு. மூன்று விரலால் பென்சில் பிடிப்பது பெரும்பாலும் நாலரைக்கும் ஆறுக்கும் இடையில் நிலைக்கும். அதற்கு முன் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் கை வலிக்கும், பிள்ளை எழுந்து ஓடும்.

வீட்டில் செய்ய முடிந்தவை: சாக்பீஸை ஒரு அங்குலத்துக்கும் குறைவாக உடைத்துக் கொடுங்கள், முஷ்டியால் பிடிக்க இடமில்லாமல் விரல் தானாகச் சேரும். சிலேட்டைச் சுவரில் கண் உயரத்துக்கு மாட்டினால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வேலை. சப்பாத்தி மாவைப் பிசையவிடுங்கள். பெஞ்சில் கால் தொங்கினால் எந்தப் பிள்ளையும் நெளியும். பாதத்துக்குக் கீழே ஒரு பலகை போதும்.

(அந்தக் காலத்தில் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்லித்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். அது ஏறக்குறைய ஆறு வயதில்தான் எட்டும். அளவுகோல் முரட்டுத்தனம்தான், ஆனால் அவசரப்படாத அளவுகோல்.)

குழந்தை மருத்துவர்:

ஏ.டி.எச்.டி. என்று எழுதும் முன், வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டியவை சில. சளிக்குப் பின் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினால் பிள்ளை பாதிதான் கேட்கும், கூப்பிட்டால் திரும்பாது. டிம்பனோமெட்ரி (செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்தால் தெரியும். வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினால் அடினாய்டைப் (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) பாருங்கள். தூக்கம் கெட்ட குழந்தை பெரியவர்களைப் போலச் சோர்ந்து விழாது, துள்ளும். மூன்று முதல் ஐந்து வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தேவை. இரும்புச்சத்துக்கு ஹீமோகுளோபின் மட்டும் போதாது, ஃபெரிட்டினும் (உடலில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் அளவு) பார்க்க வேண்டும். பேச்சின் நடுவே சில நொடி உறைந்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். மருத்துவர் முன்னிலையில் மூன்று நிமிடம் காகிதக் காற்றாடியை ஊதிச் சுற்றச் சொன்னால் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும், பிறகு இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை).

உளவியலாளர் சொன்னதை வைத்து "எல்லாம் வயசானா சரியாகிடும்" என்று விட்டுவிடவும் கூடாது. ஏ.டி.எச்.டி. உண்மையான குறைபாடு. 2007இல் வந்த மூளை ஸ்கேன் ஆய்வில், மூளைப் புறணியின் (மூளையின் மேலடுக்கு) தடிமன் உச்சத்தைத் தொடும் இடைநிலை வயது மற்ற பிள்ளைகளுக்கு 7.5 என்றால் இவர்களுக்கு 10.5, தாமதம் அதிகம் தெரிந்தது நெற்றிப் பகுதியில். அதற்காகத் தனி ஒரு பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடிக்க முடியாது, அதில் காசை விடாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல், வீடு பள்ளி என்று இரண்டு இடத்திலாவது, கவனக் குறைவிலோ துறுதுறுப்பிலோ ஒன்பதில் ஆறு அறிகுறி இருக்கிறதா என்பதுதான் கணக்கு. வகுப்பில் மூத்த பிள்ளை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அமைதியாக இருக்கும் பெண் பிள்ளை, இந்த இரண்டு பேரும் எளிதில் கண்ணில் படாமல் போவார்கள். ஆறு வயதுக்குக் கீழே முதல் சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சி, மாத்திரை அல்ல.

சிறப்புக் கல்வியாளர்:

சேர்க்கை பற்றி ஒன்று. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது. கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31 அன்று ஆறு நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஐந்து நிறைந்தாலே சேர்க்கிறார்கள். ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளையை ஒரு வருடம் நிறுத்திச் சேர்ப்பதென்றால் எல்.கே.ஜி.க்கு முன்பே செய்துவிடுங்கள், யு.கே.ஜி. முடித்தபின் திரும்ப உட்காரவைத்தால் கூடப் படித்தவர்கள் மேலே போவது பிள்ளைக்குத் தெரியும். ஒதுக்கீட்டு இடத்துக்கு மேல் வரம்பும் உண்டு: ஜூலை 31 அன்று நான்கு வயதைத் தாண்டியிருந்தால் எல்.கே.ஜி.க்கு விண்ணப்பிக்க முடியாது. தேதியை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.