கருநீல காட்டன் பேன்ட்: தையல் ஓரமெல்லாம் மினுங்குது, முழங்கால் புடைச்சு நிக்குது

கேள்வி:
லேபிள்ல 98% காட்டன், 2% எலாஸ்டேன் (இழுத்தா நீண்டு திரும்புற இழை). நாலஞ்சு தடவை தேய்ச்சதுக்கே பக்கத் தையல், பின்பாக்கெட் ஓரம், ஜிப் பட்டை எல்லாம் பளபளன்னு ஆயிடுச்சு. அயர்ன் பாக்ஸ் டயல் 'காட்டன்'லதான் இருக்கு. நல்லா காஞ்ச பிறகுதான் தேய்க்கிறேன். முழங்கால் புடைப்பும் அடங்கல. தப்பு எங்கே?

பதில் 1:
ரெண்டு தப்பு: அதிகச் சூடு, துணி முழுசா காஞ்ச பிறகு தேய்க்கிறது.

டயல்ல 'காட்டன்'னா மூணு புள்ளி, 200 டிகிரி வரை போகும். தனிக் காட்டனுக்கு அது சரி. எலாஸ்டேன் கலந்திருந்தா லேபிள்ல அயர்ன் படத்துக்குள்ள எத்தனை புள்ளின்னு பாருங்க. ரெண்டுன்னா 150 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதிகச் சூட்டுல எலாஸ்டேன் நீண்டு திரும்புற தன்மையை இழந்துடும். முழங்கால் திரும்பாம நிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

தையல் இருக்கிற இடத்துல துணி மூணு நாலு அடுக்கா மேடா இருக்கும். பாக்ஸோட எடை மொத்தமும் அந்த மேட்டுலதான் விழும். நூல் நசுங்கித் தட்டையானா வெளிச்சம் பட்டு மினுங்கும். காக்கியில இது அவ்வளவா தெரியாது, அடர்நிறத்துல காட்டிக் கொடுத்துடும்.

இனிமே பேன்ட்டை உள்பக்கம் திருப்பியே தேய்ங்க. முதல்ல பாக்கெட் பை, அப்புறம் இடுப்பு, கடைசியா கால். வெளிப்பக்கம் தொட்டே ஆகணும்னா மேல பழைய வேட்டித் துண்டு ஒண்ணை ஈரம் பிழிஞ்சு போட்டுக்கோங்க.

பதில் 2:
ஈரம்தான் பாதி வேலை. மொறுமொறுன்னு காஞ்ச காட்டன்ல சுருக்கம் அப்படியே பிடிச்சுக்கும், எவ்வளவு அழுத்தினாலும் போகாது. லேசா ஈரம் இருக்கும்போதே கொடியிலிருந்து எடுங்க. காஞ்சுட்டா தண்ணி தெளிச்சு, சுருட்டி, பத்து நிமிஷம் வைங்க.

முழங்கால்ல பாக்ஸை இழுக்காதீங்க, துணி இன்னும் நீளும். வச்சு, எடுத்து, வச்சு, எடுத்துத் தேய்ங்க. ஸ்டீம் இருந்தா அரை அங்குலம் மேலேயே பிடிச்சு ஆவி விட்டு, புடைப்பை உள்ளங்கையால நடுப்பக்கமா ஒதுக்கி விடுங்க. ஆறுற வரை தொடக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
ஏற்கெனவே வந்த மினுங்கல் போகுமா? கஞ்சி போடலாமா?

பதில் 1:
ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர், நாலு ஸ்பூன் தண்ணி. அதுல துணியை நனைச்சுப் பிழிஞ்சு, மினுங்குற இடத்துல வச்சு ஆவி காட்டுங்க. ஈரம் இருக்கும்போதே மெல்லிய பிரஷ்ஷால தடவுங்க. முதல்ல கால் மடிப்போட உள்பக்கம் சோதிச்சுப் பாருங்க. நூல் நசுங்கினது மட்டும்னா ஓரளவு எழும்பும், தேஞ்சே போயிருந்தா எழும்பாது.

கருநீலத்துக்குக் கஞ்சி வேண்டாம், வெள்ளைத் திட்டு விழும். வெளிர் நிறத்துக்கு வேணா சோத்துக் கஞ்சியைத் துணியில வடிகட்டி நீர்க்கப் போடலாம்.

பதில் 3:
எப்படி உலர்த்துறதுன்னு யாரும் சொல்லல. ஜிப்பைப் போட்டு, உள்பக்கம் திருப்பி, நிழல்ல காயப் போடுங்க. இடுப்புல இல்லாம கால் விளிம்புல கிளிப் மாட்டித் தலைகீழா தொங்க விட்டா, இடுப்போட ஈர எடை காலை நேரா இழுத்துடும். தேய்க்கிற வேலை பாதி குறையும்.

தேய்ச்ச உடனே மடிச்சு அடுக்காதீங்க. சூடும் ஈரமும் இருக்கிறப்ப மடிச்சா அந்த மடிப்பே கோடா நின்னுடும். கால் மணி நேரம் ஹேங்கர்ல விட்டுட்டு அலமாரியில வைங்க.