தோட்டத்தில் உட்கார ஒரு குட்டைச் சுவர்: கட்டியவர்கள் அனுபவம்

எங்களுக்கு கோவில்பட்டிப் பக்கம், சுத்தக் கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் உப்பும், அதனால் உட்காரும் சுவர்தானே என்று அரை அடி தோண்டிக் கட்டினால் ரெண்டு வருஷத்தில் கீறல் விழுந்துவிடும். நாங்கள் 2 அடி தோண்டி, கருமண்ணை மொத்தமாக அள்ளி எறிந்துவிட்டு கிராவல் (சரளை மண்) கொட்டி, தண்ணீர் விட்டு திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் 40 எம்எம் ஜல்லியில் 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் 4 அங்குலம் போட்டோம். செலவில் பாதி மண்ணுக்குள்ளேயே போயிற்று. போகட்டும்.

கொத்தனார் "உக்காரத்தான சார், நாலரை அங்குலக் கனமே தாங்கும்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பசங்க மேலே ஏறி ஓடுவார்கள், சாய்ந்து தள்ளுவார்கள், 9 அங்குலம்தான் வேண்டும் என்று நின்றேன். செங்கல்லை நன்றாக ஊறவைத்து, 1:6 (சிமெண்ட், மணல்) சாந்தில் ஐந்து வரி, மேலே 12 அங்குல அகலத்தில் கடப்பா கல் (கருப்புப் பலகைக் கல்). உயரம் கிட்டத்தட்ட ஒன்றரை அடி வந்தது, கால் தரையில் பதிகிற அளவு. கல்லை இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் நீட்டி, பின்பக்கம் லேசாகச் சரித்து வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மழைத் தண்ணீர் உட்காரும் இடத்திலேயே தேங்கும். நீளச் சுவர் என்றால் நடுவில் எங்காவது அரை அங்குலம் இடைவெளி விட்டு இரண்டு துண்டாகக் கட்டுவது கரிசலுக்கு நல்லது. அப்புறம் ஒரு வாரம் சாக்கு போட்டு நனைத்தே ஆகவேண்டும், கொத்தனார் போன மறுநாளே இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

---

கடப்பா நிழலில் சரி சார். எங்கள் வீட்டில் (கோவை) மேற்கு வெயில் நேராக அடிக்கிற இடம், சாயங்காலம் நாலு மணிக்குக்கூட அந்தக் கருப்புக் கல்லில் தொடை பட்டால் துள்ளி எழ வேண்டியதுதான். அதைக் கழற்றிவிட்டு சொரசொரப்பான வெளிர்நிறக் கருங்கல் பலகை போட்டோம், இப்போது பரவாயில்லை. செங்கல்லுக்குப் பூச்சு பூசவில்லை, இடுக்கை மட்டும் சாந்து வைத்து நன்றாக அடைத்துவிட்டோம். சின்னச் சந்து இருந்தாலும் தேளும் பூரானும் வந்துவிடும், ராத்திரி வெறுங்காலோடு உட்காருகிற இடமாச்சே.

---

மரத்தைச் சுற்றி வட்டமாகக் கட்டுகிறவர்களுக்கு ஒன்று. அடிமரத்தில் இருந்து 3 அடியாவது தள்ளிக் கட்டுங்கள். உள்ளே மண் நிரப்பி உயர்த்தவே கூடாது, பட்டை அழுகிப் போகும். தடித்த வேர் குறுக்கே வந்தால் வெட்டாமல், அதற்கு மேலே இடம் விட்டு சின்னதாக ஒரு கம்பி கட்டிய கான்கிரீட் பலகை வைத்து, அதன்மேல் வரியை எடுத்துப் போகலாம், எங்கள் மாமரத்துக்கு அப்படித்தான் செய்தோம்.