உங்கள் வீட்டுப் பிராணிக்கு இனிப்பு பிடிக்குமா? பார்த்ததைச் சொல்லுங்கள்

எங்கள் பூனைக்கு ஐஸ்கிரீம் என்றால் உயிர். டப்பா திறக்கும் சத்தம் கேட்டாலே ஓடி வந்து காலைச் சுற்றும். இனிப்புப் பைத்தியம் என்றே பல வருஷம் நினைத்திருந்தோம். போன மாதம் ஒரு கேக் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனேன். வந்து பார்த்தால், பக்கவாட்டில் பிதுங்கியிருந்த கிரீமை மட்டும் சுத்தமாக வழித்து நக்கியிருந்தது. மேலே இருந்த சர்க்கரைப் பூச்சில் நாக்குத் தடம்கூட இல்லை.

சரி, பார்த்துவிடுவோம் என்று ஒரே மாதிரி இரண்டு கிண்ணங்களில் தண்ணீர் வைத்து, ஒன்றில் மட்டும் ஒரு ஸ்பூன் சர்க்கரை கலந்தேன். நான்கு நாள் இடம் மாற்றி மாற்றி வைத்தேன். எது பக்கத்தில் இருந்ததோ அதைக் குடித்தது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்து உருவாவது. அவற்றில் ஒன்றுக்கான மரபணு பூனைகளிடம் பழுதாகிக் கிடக்கிறது. அதில் 247 டி.என்.ஏ. எழுத்துகள் இல்லாமல் போனதை 2005-ல், சுவையையும் மணத்தையும் ஆராயும் பிலடெல்பியாவின் மோனெல் மைய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். புலிக்கும் இதே கதைதான். மாமிசம் மட்டுமே தின்று வாழும் பிராணிக்கு இனிப்பு தெரியாமல் போனால் நஷ்டம் ஒன்றுமில்லை. அது தேடி வந்தது ஐஸ்கிரீமில் இருக்கும் கொழுப்பை! இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் அதன் நாக்கை நான் புரிந்துகொள்ளவில்லையே என்று இருந்தது.

*

எனக்குக் கரப்பான் பூச்சி அனுபவம். குளுக்கோஸ் பவுடர் கலந்து இரை வைத்தேன். இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஒன்று வாயருகே இருக்கும் உணர்கொம்பால் லேசாகத் தொட்டது, சுட்டதுபோலப் பின்வாங்கியது. வேர்க்கடலை வெண்ணெய் தடவியதும் அதே இடத்துக்கு வந்து தின்றன. இனிப்பு இரையிலேயே விஷம் வைத்துக் கொன்றதால், குளுக்கோஸை வெறுக்கும் ஜெர்மன் கரப்பான்கள் மட்டும் தப்பிப் பெருகியிருக்கின்றன. அவற்றுக்குக் குளுக்கோஸ் பட்டால் கசப்பை உணரும் நரம்பு செல்களே துடிக்கின்றன என்று 2013-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரே பொருள் ஒன்றுக்கு இனிப்பு, இன்னொன்றுக்குக் கசப்பு என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

*

மேஜையில் சிந்திய சர்க்கரைத் தண்ணீர்மேல் ஈ நடப்பதைப் பொறுமையாகப் பாருங்கள். கால் நனைந்ததுமே மடங்கியிருந்த உறிஞ்சுகுழல் கீழே நீளும். அதற்குக் காலிலும் சுவை தெரியும்.

*

நாய்க்கு இனிப்பு நன்றாகவே தெரியும். அதுதான் பயம். எங்கள் நாய் என் கைப்பையைக் கிளறிச் சர்க்கரையில்லாத சூயிங்கம் ஒரு பாக்கெட்டையே தின்றுவிட்டது. அரை மணி நேரத்தில் பின்னங்கால்கள் தள்ளாடின. தூக்கிக்கொண்டு ஓடினோம். அதில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்த்திருந்த சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நம்மிடம் இப்படிச் செய்யாது; நாய்க்கோ இன்சுலினைத் தாறுமாறாகச் சுரக்கவைத்து ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். ஈரலையும் கெடுக்கும். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் தலை தூக்கி என்னைப் பார்த்தது.

மேலே வேர்க்கடலை வெண்ணெய் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சில டப்பாக்களில் அதிலும் சைலிட்டால் சேர்க்கிறார்கள். நாய் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே எடுத்து லேபிளைப் படித்துவிடுங்கள்.